மூன்றாம் தண்ணீர்

தெய்வானை டீச்சரைத் தேடிப் போனபோது நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. டீச்சருக்கு முப்பத்தொன்பது. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரிடம் ஒரு மனிதர் போய்க் கைகட்டி நிற்கிறார் என்றால், ஒன்று பக்தி முற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் தொழில் படுத்திருக்க வேண்டும். நாச்சிமுத்துவுக்குத் தொழில் படுத்திருந்தது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே அவருடைய களம். தேங்காய் மட்டையில் நார் உரித்த பிறகு மிஞ்சுகிற தூளை மில்களிலிருந்து வாங்குவார். அதைத் தொட்டிகளில் கழுவி, சிமெண்டுத் தரையில் காயவைத்து, பிரஸ்ஸில் அமுக்கிப் பெரிய பெரிய கட்டிகளாக்கிக் கப்பலில் அனுப்புவார். பதினெட்டுப் பேர் வேலை செய்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

போன வருடம் புது பிரஸ் வாங்கினார். பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்றார்கள். வேகம் இருந்தது, சரக்குதான் ஏறவில்லை. பாதி நாள் பிரஸ் சும்மா நின்றது. கழுவிய தூளை மறுபடி கழுவுவதிலேயே களத்தின் பொழுது போயிற்று. இதற்கு நடுவில் ஒரு கன்டெய்னர் கடல் கடந்து போய், உப்பு அதிகம் என்று அப்படியே திரும்பி வந்தது. அடுத்த லோடும் இப்படி இருந்தால் நமக்குள் இனி வேலை இல்லை என்று வாங்குகிறவன் எழுதிவிட்டான். அடுத்த லோடுக்கு இரண்டு மாதம் இருந்தது.

டீச்சர் மூடிப்போன ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் வகுப்பு நடத்தினார். பெயர் போர்டு கிடையாது. பம்ப் கம்பெனி ஆட்கள், மில் ஆட்கள் வந்து டேப் பிடிக்கவும், மீட்டர் பார்க்கவும், படிவம் நிரப்பவும் கற்றுக்கொண்டு போனார்கள்.

நாச்சிமுத்து போனபோது டீச்சர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கேள்விங்க டீச்சர். மெஷினை மாத்திட்டேன். ஆனாலும் சரக்கு ஏற மாட்டேங்குது. ஏனுங்க?"

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"ஆளுகதான் காரணம். மண்டைல ஒண்ணுமில்லீங்க. பதினஞ்சு நாள்ல கொஞ்சம் படிப்பை ஏத்திக் குடுத்தீங்கன்னா போதும்."

டீச்சர் கொட்டகைக்கு வெளியே கை காட்டினார். ஒரு குவியல் மணல் கிடந்தது. பக்கத்தில் அன்னக்கூடையும் ஒரு தொட்டித் தண்ணீரும்.

"அந்த மணலை மூணு தண்ணி விட்டுக் கழுவுங்க."

நாச்சிமுத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மண்ணில் கை வைக்கக் கூச்சப்படுகிறவரில்லை. ஆனாலும் வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தண்ணீரில் சேறு போயிற்று. இரண்டாம் தண்ணீரில் கலங்கல் போயிற்று. வெயில் ஏறியது. மூன்றாவது தடவை கூடையைத் தண்ணீரில் முக்கி, இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் கொட்டினார்.

"மூணாவதை ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றார் பின்னால் நின்றிருந்த டீச்சர்.

"சுத்தமாத்தானே இருக்குதுங்க."

"எதுக்கு வேணுங்கற சுத்தம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எதுக்கு இந்த மணல்?"

"கழுவறதுக்கு."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. எழுந்து கையை உதறினார். பைக் சாவியைக்கூட எடுத்துவிட்டார். ஆனால் டீச்சர் முகத்தில் கிண்டல் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிற முகம்தான் இருந்தது.

"எதுக்குன்னு தெரியாம கழுவுனா இப்படித்தாங்க வரும்" என்றார் கடைசியில்.

டீச்சர் தலையை ஆட்டினார். "உங்க தூளை எதுக்குக் கழுவறீங்க?"

"உப்புப் போறதுக்கு. ஈ.சி.ன்னு ஒரு அளவு இருக்குது. அரைக்குக் கீழ இருக்கணும்."

"ஏன் அரைக்குக் கீழ?"

"வாங்கறவன் கேக்கறான்."

"அவன் ஏன் கேக்கறான்?"

நாச்சிமுத்து அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. பதினாறு வருடமாக அந்தக் களத்தை நடத்துகிறார்.

"திரும்பி வந்த கட்டி இருக்குதுங்களா?" என்றார் டீச்சர். கன்டெய்னர் திரும்பிய கதை ஊருக்கே தெரிந்திருந்தது.

"களம் பூராவும் கிடக்குது."

"ஆளுக்கொண்ணு வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. நர்சரியில தக்காளி நாத்து வாங்கி ஆளுக்குப் பத்துக் குடுங்க. கட்டியை ஊற வெச்சு அதுல நடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசாதீங்க."

"வகுப்பு?"

"அதான் வகுப்பு."

மறுநாள் சாயங்காலம் பதினெட்டுப் பேரும் கட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். முதலாளிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அன்று ஊரில் பேச்சு.

ஆறாம் நாள் காலை, நாச்சிமுத்து பைக்கை நிறுத்துவதற்குள் பாப்பாத்தி எதிரே வந்து நின்றாள். தொட்டி வேலைக்கு அவள்தான் மூத்தவள். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறாள். முதலாளியிடம் அவள் தானாகப் போய்ப் பேசியதை யாரும் பார்த்ததில்லை.

"ஏனுங் முதலாளி, இதுலயா செடி வெக்கறாங்க?"

"ஆமா."

"நட்ட நாலாம் நாளே எலையெல்லாம் ஓரம் கருகிப்போச்சுங். மிச்ச நாத்து நாலை நெலத்துல ஊனுனேன், அது கம்முனு நிக்குது. இதுல எருக்குகூடப் பொழைக்காதுங்."

"இத்தனை நாள் எதுக்குன்னு நெனச்சே?"

"அடுப்பெரிக்கன்னு நெனச்சோம். இல்லைன்னா பொம்மை கிம்மைக்குள்ள அடைப்பாங்கன்னு." அவள் கையில் ஒரு பிடி தூள் இருந்தது. அதில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். "கரிக்குதுங்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. "செடிக்குன்னு சொல்லியிருந்தா இதையா கட்டி போட விட்டிருப்போம்?"

பின்னால் நின்ற பெண்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் காடு தோட்டத்தில் பாடுபட்டவர்கள். உப்புத் தண்ணீரில் பயிர் என்ன பாடுபடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாச்சிமுத்து அன்றே கொட்டகைக்குப் போனார்.

"நாக்குல வெச்சுப் பாக்கறாங்க டீச்சர். யாரும் சொல்லலை. அவங்களாவே."

"மீட்டர் எங்கே இருக்குதுங்க?"

"ஆபீஸ் பீரோவுல. விலை ஜாஸ்தி. ஒடைச்சுருவாங்கன்னு பூட்டி வெச்சிருக்கேன்."

"சாவி?"

நாச்சிமுத்து இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாளைல இருந்து நான் களத்துக்கே வர்றேன்" என்றார் டீச்சர். "தினம் ஒரு மணி நேரம்."

"அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கலாமுங்க."

"அஞ்சு மணிக்கு மேல அவங்களை வேலை செய்யச் சொன்னா எப்படிச் செய்வாங்க?"

"அரைகுறையாத்தான்."

"அந்த நேரத்துலதான் படிக்கச் சொல்றீங்க."

பிரஸ் ஓடுகிற நல்ல நேரத்தில், காலை பதினோரு மணிக்கு, வகுப்பு ஆரம்பித்தது. பிரஸ் நின்றதும் நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் வாரம் உற்பத்தி இன்னும் குறைந்தது. தூளை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைக்கக் கற்றுக்கொடுத்தார் டீச்சர். தாழ்வாரத்தில் சின்னச் சின்ன டம்ளர்கள் வரிசையாக நின்றன. பார்க்கிறவர்களுக்கு ஏதோ விருந்து நடக்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் பாப்பாத்தி, மழையில் ஊறிக் கிடந்த நல்ல குவியல் ஒன்றை ஆகாது என்று ஒதுக்கிவிட்டாள். எல்லை 0.5, மீட்டர் 0.45 காட்டியது.

"அரைக்குக் கீழதானே?" என்றார் நாச்சிமுத்து.

"நாப்பத்தஞ்சுங்களே. அஞ்சைவிட நாப்பத்தஞ்சு பெருசில்லீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தார். பாப்பாத்தியின் முகம் சிறுத்துப்போயிற்று.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஏன் சின்னது?"

"அது... புள்ளி இருக்குதுங்களே. புள்ளிக்கு அந்தப் பக்கம்..." நாச்சிமுத்துவுக்கு அதற்கு மேல் ஓடவில்லை. தெரிந்ததுதான், சொல்ல வரவில்லை.

பின்வரிசையில் கௌசல்யா இருந்தாள். இருபத்தாறு வயது, பத்தாவது படித்தவள். "அக்கா, சொசைட்டிக்குப் பால் ஊத்தறீங்கல்ல? அரை லிட்டர் பெருசா, நானூத்தம்பது மில்லி பெருசா?"

"அரை லிட்டர்தான். இதுகூடத் தெரியாதா?"

"அந்த அரைதான் இந்த அஞ்சு. அந்த நானூத்தம்பதுதான் இந்த நாப்பத்தஞ்சு."

பாப்பாத்தி மீட்டரைப் பார்த்தாள். பிறகு ஒதுக்கி வைத்த குவியலைப் பார்த்தாள். எழுந்து போய் அதன்மேல் போட்டிருந்த சிவப்புத் துணியை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் புள்ளியில் தப்பு செய்யவில்லை. நாச்சிமுத்துவும் அதற்குப் பிறகு அந்தத் தாழ்வாரத்தில் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாப்பாத்தி சொல்லித்தான் அவருக்கு இன்னொன்று தெரிந்தது.

"டீச்சரும் இங்க தூள் அள்ளுனவங்கதானுங்களே. நானெல்லாம் வர்றதுக்கு முன்னால. எங்க அத்தை சொல்லும்."

நாச்சிமுத்து டீச்சரைத் தனியே பார்த்தபோது கேட்டார். "நீங்க சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

"ஏன் நின்னுட்டீங்க?"

"இதை எதுக்குக் கழுவறோம்னு ஒரு நாள் கேட்டேன். கழுவச் சொன்னா கழுவுன்னீங்க."

அவருக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. எத்தனை பேரிடம் சொன்னாரோ.

"கோவமா இருந்திருக்குமுங்க."

"கோவப்பட எங்கீங்க நேரம்? பதிலைத் தேட வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு டீச்சர் டம்ளர்களைக் கழுவப் போய்விட்டார்.

நான்காம் வாரத்தில் ஒரு புதன்கிழமை. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து தார்ப்பாய் போர்த்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாப்பாத்தி மூன்று டம்ளர்களை ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"முதலாளி, ஒரு சேதிங்."

"சொல்லு."

"முதல் தண்ணிக்கு அப்புறம் ஒண்ணு புள்ளி ரெண்டுங். ரெண்டாந் தண்ணிக்கு அப்புறம் புள்ளி ஆறுங்."

"நல்லதுதானே. மூணாந் தண்ணிக்கு?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணுங்."

"அதெப்படி? கழுவக் கழுவ எறங்கணும். மீட்டர் கெட்டிருக்கும்."

"மூணு தடவை பாத்தனுங். கௌசல்யாவும் பாத்தா. ஏறத்தான் செய்யுது."

"யாரைக் கேட்டு ஒவ்வொரு தண்ணிக்கும் அளந்தே? கடைசியில ஒரு தடவை அளக்கத்தானே சொன்னது?"

குரல் பழைய குரலாக வந்துவிட்டது. தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிரஸ்ஸை யாரோ நிறுத்தினார்கள். பாப்பாத்தி தட்டோடு நின்றாள். அடுத்து என்ன வரும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், பல தடவை கேட்டிருக்கிறார்கள். தட்டை வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார் என்பார். பாப்பாத்தியும் போய்விடுவாள். இனி எதையும் அளக்கமாட்டாள்.

நாச்சிமுத்துவுக்கும் அது தெரிந்தது. அவர் அதைச் சொல்லாமல் மூன்றாவது தொட்டிக்கு நடந்தார்.

முதல் இரண்டு தொட்டிக்கும் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவது தொட்டிக்கு போர்வெல் தண்ணீர். நான்கு வருடத்துக்கு முன்னால் போர் போட்டபோது நல்ல தண்ணீராகத்தான் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மழை சரியில்லை. அவர் குடிப்பது கேன் தண்ணீர். போர் தண்ணீரை அவர் வாயில் வைத்தே வருடக்கணக்காகிவிட்டது.

குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். துப்பினார்.

"அம்மிணி, இந்தத் தண்ணி உப்புன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங். கையெல்லாம் வெடிக்குதே." பாப்பாத்தி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அது தூளுக்கு ஆகாதுன்னுதான் தெரியாதுங்."

"மூணாந் தண்ணி போடச் சொன்னது யாரு?"

பாப்பாத்தி தரையைப் பார்த்தாள். கௌசல்யாதான் மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானுங்க. மொதல் புகார் வந்தப்ப."

வாங்குகிறவன் முதலில் லேசாகத்தான் குறை சொல்லியிருந்தான். நாச்சிமுத்து களத்துக்கு வந்து கத்தினார். நல்லா கழுவுங்கடி, இனி மூணு தண்ணி போடுங்க என்றார். அதற்குப் பிறகு போன கன்டெய்னர்தான் திரும்பி வந்தது. அவர் கத்தக் கத்த அவர்கள் கழுவினார்கள், கழுவக் கழுவ உப்பு ஏறியது.

அவர் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார்.

"நிறுத்திருங்க" என்றார். பிறகு, "பாப்பாத்தி, இனி எந்தக் குவியலுக்கு எத்தனை தண்ணின்னு நீயே சொல்லு."

அவள் சொன்னாள். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. வேலியோரக் குவியல் இரண்டு மழை வாங்கின பழைய தூள், அதற்கு ஒரு தண்ணீர் போதும். போன வாரம் வந்தது பச்சை மட்டைத் தூள், அதற்கு மூன்று வேண்டும், ஆனால் கிணற்றுத் தண்ணீர்தான். பழையதில் மிச்சமாகும் தண்ணீரைப் புதியதற்கு விட்டால் கிணறு தாங்கும். எல்லாக் குவியலையும் இத்தனை வருடம் ஒரே மாதிரி கழுவிக்கொண்டிருந்தார்கள். வேண்டாததை வேலை மெனக்கெட்டுக் கழுவி, வேண்டியதை விட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. மறுபடி கழுவுகிற வேலை நின்றது. களம் முழுக்கக் காய்ந்த தூள் கிடைத்தது. புது பிரஸ் முதல் தடவையாக நாள் முழுக்க ஓடியது. வகுப்புக்கு ஒரு மணி நேரம் போன பிறகும், முன்பு இரண்டு நாளில் போட்ட கட்டி ஒரு நாளில் விழுந்தது. லோடு குறித்த தேதிக்கு நான்கு நாள் முன்னால் கிளம்பியது. ஒரு மாதம் கழித்து வாங்குகிறவனிடமிருந்து மெயில் வந்தது. சரக்கு நன்றாக இருக்கிறது, இனி மாதம் இரண்டு கன்டெய்னர் முடியுமா என்று கேட்டிருந்தான். நாச்சிமுத்து அதைத் தமிழில் எழுதித் தாழ்வாரத்தில் ஒட்டினார். பாப்பாத்தி எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, முழுக்கப் படித்தாள்.

அதற்கடுத்த வாரம் கௌசல்யா வேலையை விட்டு நின்றாள். பக்கத்து ஊரில் பெரிய கம்பெனி. அங்கே பரிசோதனை லேபில் சேர்ந்துவிட்டாள்.

நாச்சிமுத்து நேரே கொட்டகைக்குப் போனார். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை.

"இதுக்குத்தானுங்களா டீச்சர்? நான் நேரம் குடுத்தேன், மெஷினை நிறுத்துனேன், மீட்டரைக் குடுத்தேன். கடைசியில யாருக்கோ ஆள் தயார் பண்ணிக் குடுத்திருக்கேன்."

டீச்சர் தண்ணீர் கொடுத்தார். நாச்சிமுத்து குடித்து முடித்தார்.

"ஏன் போனாங்களாம்?"

"சம்பளம்தான். வேறென்ன?"

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமா?"

"தூள்ல உப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்களே தொட்டித் தண்ணியை வாயில வெச்சுப் பாத்தீங்கன்னு களத்துல சொன்னாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நாச்சிமுத்து காலி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கௌசல்யாவின் வீட்டு வாசலில் அவருடைய பைக் நின்றது. அவளுடைய அம்மா பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கௌசல்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி."

"கோவிச்சுக்க வரலை அம்மிணி. கேக்கத்தான் வந்தேன். ஏன் போனே?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சம்பளம் பெருசா ஒண்ணும் ஏறலீங்க. பஸ்ஸுக்கே போயிருது. அங்க தூளைக் கால்சியம் போட்டு ஊற வெக்கறாங்க. தண்ணிக்குப் போகாம ஒட்டிக்கிட்டு இருக்கற உப்பும் வந்துருதுங்க. அது எப்படின்னு சொல்லித் தர்றாங்க."

"நம்ம களத்துல?"

"மீட்டர் பாக்கற வரைக்கும் கத்துட்டனுங்க. அதுக்கு மேல அங்க கத்துக்க என்ன இருக்குன்னு பாத்தேன். ஒண்ணும் தெரியலீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. டம்ளர் காலி என்று சொல்வது போலச் சொன்னாள். நாச்சிமுத்து காபி குடித்துவிட்டு, நல்லா இரு சாமி என்று சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வகுப்பில், டீச்சர் வராத நாளாகப் பார்த்து, அவரே எழுந்து முன்னால் நின்றார். பதினேழு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றார்.

ஒருத்தி அடுத்தவளை முழங்கையால் இடித்தாள்.

பாப்பாத்திதான் ஆரம்பித்தாள். "நாம அனுப்பற ஊர்ல இதுல என்ன வெள்ளாமை வெக்கறாங்க?"

நாச்சிமுத்து ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. பிரஸ்ஸில் சிவப்பு லைட் எரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும்வரை ஏன் காத்திருக்கிறோம், அந்த லைட் என்னதான் சொல்கிறது என்று ஒருத்தி கேட்டாள். மழைக்காலத்தில் மற்ற ஊரில் எப்படிக் காயவைக்கிறார்கள் என்று ஒருத்தி. கழுவின தண்ணீர் போகிற வழியில் இருக்கும் தென்னை மட்டும் ஏன் மஞ்சளாகிறது, அந்தத் தண்ணீரை வேறு என்ன செய்யலாம் என்று ஒருத்தி. இந்தக் கேள்வியை எழுதும்போது அவருடைய கை கொஞ்சம் தயங்கியது. எழுதினார். காகிதத்தின் பின்பக்கமும் நிரம்பியது.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

"கேட்டுட்டு வந்துட்டேங்க டீச்சர். இருபத்திமூணு கேள்வி இருக்குது. இதுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா போதும், நம்ம களத்தை விட்டு யாரும் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை."

டீச்சர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திரும்பிக்கொண்டு படித்தார். மெதுவாகப் படித்தார். பின்பக்கம் திருப்பினார். ஒரு கேள்வியை இரண்டாம் தடவை படித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நாச்சிமுத்து அதற்கு முன் பார்த்ததில்லை.

"இதுல நாலுக்குத்தான் எனக்குப் பதில் தெரியுமுங்க" என்றார்.

நாச்சிமுத்து திகைத்துப்போனார். "நாலுதானா? அப்ப மிச்சத்துக்கு என்னங்க பண்றது?"

டீச்சர் காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். கொட்டகைக் கதவைச் சாத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நானும் உங்க களத்துக்கு வந்து உக்காந்துக்கறேன். பாப்பாத்தி பக்கத்துல எடம் இருக்குமுங்களா?"